வாட்ச்மேன் வீணாகக் கத்துகிறாரா? கோப்பு முறைமைப் பூட்டுகளும் பொய் எச்சரிக்கைகளும்

ஐப்பசி மழையில் வேளச்சேரி பாதி மூழ்கியிருந்த ஒரு நாள். தரமணியில் எங்கள் குழுவில் அலுவலகம் வந்து சேர்ந்தவர்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணா, கெர்னல் டெட்லாக் ஆகிவிட்டது."

திரையைப் பார்த்தேன். எண்பது வரிக்கு ஓர் எச்சரிக்கை ஓடியிருந்தது. அதற்குக் கீழே கர்சர் வழக்கம்போல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏதாவது ஒரு கட்டளை கொடுத்துப் பார்."

கொடுத்தான். இயந்திரம் உடனே பதில் சொன்னது.

"ஓடுகிறதே! அப்படியென்றால் இந்த எச்சரிக்கை பொய்யா அண்ணா?"

இரண்டு நிமிடத்தில் இரண்டு தவறு. அவனைக் குறை சொல்ல முடியாது. பத்து வருட அனுபவக்காரர்களும் இவ்விரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எச்சரிக்கையைக் கண்டதும் "டெட்லாக் வந்துவிட்டது" என்று பதறுகிறவர்கள் ஒரு ரகம். எச்சரிக்கை தரும் கருவியின் பெயரைச் சொல்லி, "லாக்டெப் எப்போதும் இப்படித்தான், கண்டுகொள்ளாதே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சேதமும் அவர்களால்தான் அதிகம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கோப்பு முறைமைப் பகுதியில், அதாவது நாம் ஃபைல் சிஸ்டம் என்று சொல்லும் பகுதியில், இந்த எச்சரிக்கைகள் எப்படி வருகின்றன, அவற்றில் பொய்யானவை எப்படிப் பிறக்கின்றன, அவற்றை முறையாகத் தீர்ப்பது எப்படி என்று புதியவர்களுக்காக எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

மாடிச் சாவியும் மோட்டார் சாவியும்

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். பொதுச் சாவிகள் இரண்டு: மொட்டை மாடிக் கதவுக்கு ஒன்று, கீழே மோட்டார் அறைக்கு ஒன்று. இரண்டும் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும். வேண்டியவர் எடுத்துப்போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

இரண்டாம் மாடி மாமி வடாம் பிழிவதற்காக மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். மேலே போய்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மோட்டார் போட வேண்டும். சாவிக்காகக் கீழே இறங்கி வருகிறார். அங்கே ஆணி காலி. கீழ் வீட்டு வாத்தியார் சற்று முன்புதான் மோட்டார் சாவியை எடுத்திருக்கிறார். அவரோ மேலே ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் மோட்டாரைத் தொடமாட்டார். அது அவர் கொள்கை. அதற்கு மாடிச் சாவி வேண்டும். அது மாமியின் இடுப்பில் இருக்கிறது.

மாமி சாவியைக் கொடுக்கமாட்டார். மாவு மேலே இருக்கிறது, கதவைத் திறந்து போட்டால் காக்கை வரும். வாத்தியாரும் கொடுக்கமாட்டார். தண்ணீர் மட்டம் பார்க்காமல் யாராவது மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிந்தால் சங்கத்தில் யார் பதில் சொல்வது? இருவரும் படிக்கட்டில் நிற்கிறார்கள்.

இந்த நிலைக்குத்தான் முட்டுக்கட்டை என்று பெயர். கணினிக்காரர்கள் டெட்லாக் என்பார்கள். ஒருவர் கையில் ஒரு பூட்டு. அவர் காத்திருப்பதோ மற்றவர் கையில் இருக்கும் பூட்டுக்கு. கெர்னலில் பூட்டு என்பது, ஒரு தகவலை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் கலைத்துவிடாமல் இருக்க, ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு. மாமியும் வாத்தியாரும் மனிதர்கள். கால் மணி நேரம் வாக்குவாதம் செய்துவிட்டு யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். கெர்னலில் ஒரு வேலையை ஓட்டும் பணியிழைக்கு, அதாவது த்ரெட்டுக்கு, அலுப்பும் கிடையாது, வெட்கமும் கிடையாது. மின்சாரத்தை அணைக்கும்வரை நின்றுகொண்டே இருக்கும்.

தீர்வு மிகவும் பழையது: ஒழுங்கு. "இரண்டு சாவியும் தேவைப்படலாம் என்றால் முதலில் மாடிச் சாவி, அதன் பிறகுதான் மோட்டார் சாவி" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால் போதும். வாத்தியார் மாடிச் சாவிக்காகக் காத்திருக்கும்போது அவர் கையில் மோட்டார் சாவி இருக்காது. மாமிக்குத் தடையில்லை.

தொல்லை என்னவென்றால், ஒழுங்கு மீறப்பட்டாலும் தினமும் சண்டை வராது. மாமியும் வாத்தியாரும் அதே ஐந்து நிமிடத்தில் எதிரெதிரே வந்தால்தான் சிக்கும். கெர்னலில் அந்த ஐந்து நிமிடம் மைக்ரோ விநாடிக் கணக்கில் இருக்கும். ஆயிரம் முறை சோதித்தாலும் தப்பித்துவிடும். வாடிக்கையாளர் இடத்தில், இரவு இரண்டு மணிக்கு, கட்டாயம் மாட்டும்.

இதுவரை: எதிரெதிர் வரிசையில் பூட்டுகளை எடுத்தால் முட்டுக்கட்டை வரக்கூடும். வரிசை ஒன்றாக இருந்தால் வராது. வரிசை தவறியிருப்பது சாதாரணச் சோதனையில் பெரும்பாலும் தெரியாது.

நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் வாட்ச்மேன்

எங்கள் வாட்ச்மேனுக்கு ஒரு பழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாராவது ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சாவியை எடுத்தால், நோட்டில் அம்புக்குறி போட்டு எழுதிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மாமி: மாடி → மோட்டார். அன்று யாரும் குறுக்கே வரவில்லை. வடாம் நன்றாகக் காய்ந்தது. வெள்ளிக்கிழமை வாத்தியார்: மோட்டார் → மாடி. அன்று மாமி ஊரிலேயே இல்லை, கும்பகோணத்தில் கல்யாணம். வாத்தியார் நிம்மதியாகத் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். ஆனால் வாட்ச்மேன் விசில் அடிக்கிறார். நோட்டில் இரண்டு அம்புகள் சேர்ந்து ஒரு வட்டம் ஆகிவிட்டன. "இன்று ஒன்றும் ஆகவில்லை சார். நீங்களும் மாமியும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்."

இந்த வாட்ச்மேனின் பெயர் லாக்டெப். இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வென்னும் எழுதி, 2006-இல் லினக்ஸ் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. கெர்னல் ஓடும்போதே எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது என்று அம்புகளைச் சேர்த்துக்கொண்டே வரும். புதிய அம்பு ஒன்று சேரும்போது வட்டம் விழுகிறதா என்று தேடும். வட்டம் இரண்டு பூட்டில்தான் விழ வேண்டும் என்பதில்லை. ஐந்தாறு பூட்டுகளைச் சுற்றிக்கொண்டு வருகிற வட்டத்தையும் பிடித்துவிடும்; அதை மனிதக் கண்ணால் பிடிப்பது கடினம். இவ்வளவு எழுதுவதால் இயந்திரம் மெதுவாகும். ஆகவே சோதனைக்கான கெர்னலில் மட்டும் இதை இயக்கி வைப்பார்கள்.

தம்பியின் முதல் தவறு இப்போது புரியும். அவன் இயந்திரம் எங்கும் சிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தையும் வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் வாட்ச்மேன் ஒட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். எச்சரிக்கையின் முதல் வரியிலேயே "பாசிபிள்" என்ற சொல் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய், கீழே நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருக்கும் டெட்லாக் என்ற சொல்லை மட்டும் படிக்கிறார்கள்.

இந்த வாட்ச்மேனிடம் இன்னொரு குணம் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரே ஒரு முறைதான் விசில் அடிப்பார். அடித்த கையோடு நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிடுவார். இயந்திரத்தை மறுபடி துவக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். ஒரு முறை தப்பு நடந்த பிறகு நோட்டில் இருப்பதை நம்ப முடியாது என்பது அவர் நியாயம். ஆகவே விசில் வீணாகப் போனால், அன்று முழுவதும் உண்மையான திருட்டைப் பார்க்க ஆள் இல்லை. "பொய் எச்சரிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒரே பெயரில் பல சாவிகள்

எங்கள் கட்டடத்தில் சாவி இரண்டு. கோப்பு முறைமையில் லட்சக்கணக்கில். ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு டைரக்டரிக்கும் கெர்னல் நினைவகத்தில் ஒரு பதிவை வைத்திருக்கும். யாருடையது, எவ்வளவு பெரியது, வட்டில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு இனோடு என்று பெயர். ஒவ்வோர் இனோடுக்கும் தனிப் பூட்டு உண்டு.

ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியாக எழுதினால் நோட்டு தாங்காது. தாங்கினாலும் பயனில்லை, ஒரு கோப்பில் கற்ற பாடம் அடுத்த கோப்புக்கு உதவாமல் போய்விடும். ஆகவே லாக்டெப் வகை பார்த்து எழுதுகிறது. நிரலில் ஒரே இடத்தில் துவக்கப்பட்ட பூட்டுகள் எல்லாம் ஒரு வகுப்பு. கிளாஸ் என்பார்கள். மொத்த வகுப்புகளுக்கு 8,192 என்று வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினாலும் கடையை மூடிவிடும்.

இந்த வகுப்பு முறைதான் லாக்டெப்பின் பலம். ஒரே ஒரு கோப்பை ஒரே ஒரு முறை அழித்துப் பார்த்தால் போதும், எல்லாக் கோப்புகளுக்குமான வரிசை நோட்டில் ஏறிவிடும். பொய் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி பிறப்பதும் இங்கேதான்.

எங்கள் வீட்டு வாசலில் வெளியே ஓர் இரும்பு கிரில் கதவு, உள்ளே மரக் கதவு. இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. வாட்ச்மேன் நோட்டிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்: "வீட்டுச் சாவி". கிரில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மரக் கதவுச் சாவியைக் கேட்கிறேன். "வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுச் சாவி கேட்கிறீர்களே, நீங்களே உங்களுக்காகக் காத்து நிற்கப்போகிறீர்கள்" என்று விசில் அடிக்கிறார்.

அவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள். ஒரே சாவியை இரண்டு முறை கேட்டிருந்தால் அவர் சொல்வது நடக்கத்தான் செய்யும். கெர்னலில் அப்படிப்பட்ட பிழைகளும் நிறைய உண்டு. அவர் நோட்டில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கிரில் வேறு, மரக் கதவு வேறு என்பது என் தலைக்குள் இருக்கிறது. நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

சுருக்கமாக: வகுப்புகளை வைத்துப் பார்த்தால் வட்டம் விழுகிறது, தனித்தனிப் பூட்டுகளை வைத்துப் பார்த்தால் ஒருபோதும் விழாது என்றால், அது பொய் எச்சரிக்கை. "ஒருபோதும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

டைரக்டரிக்குள் டைரக்டரி

கோப்பு முறைமையில் இந்தக் கதை அன்றாடம் நடக்கிறது. "சென்னை" என்று ஒரு டைரக்டரி, அதற்குள் "மயிலாப்பூர்" என்று காலியான ஒரு டைரக்டரி. மயிலாப்பூரை அழிக்கச் சொல்கிறீர்கள். சென்னையின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போகப்போகிறது. ஆகவே கெர்னல் முதலில் சென்னையைப் பூட்டுகிறது. அழித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் மயிலாப்பூருக்குள் புதுக் கோப்பு போட்டுவிடக் கூடாது. ஆகவே அதையும் பூட்டுகிறது. இரண்டும் டைரக்டரி. ஒரே வகுப்பு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் லாக்டெப் இங்கே கட்டாயம் விசில் அடிக்கும். இந்த வகை எச்சரிக்கையின் கடைசியில், பூட்டுக்குள் பூட்டு எடுப்பதைப் பற்றிய குறிப்பு விடுபட்டிருக்கலாம் என்று அதுவே ஒரு வரி எழுதிவிட்டுப் போகும். சந்தேகத்தைத் தானே ஒப்புக்கொள்கிற கருவி இது. நமக்குத்தான் கடைசி வரி வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லை.

இது ஏன் ஆபத்தில்லை? பெற்றோர் டைரக்டரியை முதலில், பிள்ளை டைரக்டரியைப் பிறகு பூட்ட வேண்டும் என்பது கெர்னலின் சட்டம். டைரக்டரிகள் மரம்போல் கிளை பிரிந்தவை. காத்திருப்பவர் எப்போதும் தனக்குக் கீழே இருப்பதற்காகத்தான் காத்திருக்கிறார். அதைப் பிடித்திருப்பவர் அதற்கும் கீழே இருப்பதற்காக. இறங்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முடிந்துதானே ஆக வேண்டும்? பேரன் தன் தாத்தாவுக்குத் தகப்பனாக முடியாது.

முடியாதுதான், ஆனால் டைரக்டரிகளை இடம் மாற்ற முடியும். நாம் காத்திருக்கும் நேரத்தில் யாராவது மயிலாப்பூரைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்துவிட்டால், யார் பெற்றோர், யார் பிள்ளை என்பதே மாறிப்போகும். இதற்காகவே ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொரு டைரக்டரிக்கு எதையாவது இடம் மாற்றும்போது, அந்தக் கோப்பு முறைமை முழுமைக்கும் பொதுவான ஒரு பூட்டை முதலில் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடமாற்றம். கெர்னல் ஆவணங்களில் டைரக்டரிப் பூட்டுகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. இது ஏன் சரி என்பதற்கான நிரூபணத்தோடு. ஆங்கிலம் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும், ஆனாலும் படிக்க வேண்டிய பக்கம்.

பெற்றோர், பிள்ளை என்ற உறவே இல்லாத இரண்டு கோப்புகளைச் சேர்த்துப் பூட்ட வேண்டி வந்தால்? நினைவக முகவரி எதற்குச் சிறியதோ அது முதலில். கதவு எண் 14-ஐப் பூட்டிவிட்டுத்தான் 17-க்குப் போக வேண்டும் என்பதுபோல. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் இந்த உவமை கொஞ்சம் ஆட்டம் காணும். ஏதாவது ஒன்றை மட்டும் எல்லோரும் பார்த்தால் சரி.

இந்த ஒழுங்கையெல்லாம் லாக்டெப்பிடம் சொல்வது எப்படி? பூட்டும்போதே ஒரு சிறு எண்ணைச் சேர்த்துக் கொடுக்கலாம். "இதைப் பெற்றோர் என்ற முறையில் பூட்டுகிறேன்", "இதைப் பிள்ளை என்ற முறையில் பூட்டுகிறேன்" என்று பொருள். இதை உள்வகுப்பு என்று சொல்வோம். ஒரு வகுப்புக்குள் எட்டு உள்வகுப்புகள்வரை வைத்துக்கொள்ளலாம். பூட்டு அதேதான், காத்திருப்பும் அதேதான். நோட்டில் எழுதப்படும் பெயர் மட்டும் மாறுகிறது: பெற்றோர் → பிள்ளை. யாராவது பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பெற்றோரைக் கேட்டால், அப்போது வட்டம் விழும், விசில் வரும். அது வர வேண்டிய விசில்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உள்வகுப்பு என்ற இந்தச் சீட்டு ஆளுக்கு ஒட்டுவதில்லை, அந்த நேரத்து உறவுக்கு ஒட்டுவது. மயிலாப்பூரை அழிக்கும்போது மயிலாப்பூர் பிள்ளை. அதற்குள் இருக்கும் ஒரு தெருவை அழிக்கும்போது அதே மயிலாப்பூர் பெற்றோர். நான் என் அம்மாவுக்கு மகன், என் மகளுக்கு அப்பா. நெற்றியில் ஏதாவது ஒன்றை மட்டும் பச்சை குத்திக்கொள்ள முடியாது.

நிரந்தரச் சீட்டு தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில், யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கே ஒரு மறைவான கோப்பில் இருக்கும். சாதாரணக் கோப்பு ஒன்று வளரும்போது அதன் பூட்டைப் பிடித்தபடியே கணக்குக் கோப்பின் பூட்டையும் எடுக்க நேரும். கணக்குக் கோப்பு எந்நாளும் கணக்குக் கோப்புதான். அதற்கு நிலையாகத் தனிப் பெயர் கொடுத்துவிடலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். அதுபோலவே ஒவ்வொரு கோப்பு முறைமை வகைக்கும் தனி வகுப்பு, அதற்குள் டைரக்டரிகளுக்குத் தனி, மற்றக் கோப்புகளுக்குத் தனி. டாக்கரில் பழகியவர்களுக்குத் தெரிந்த ஓவர்லே, ஒரு கோப்பு முறைமையின் மேல் இன்னொன்றை அடுக்குவது. ஓவர்லேயின் மேலேயே ஓவர்லே அடுக்கினால் இரண்டும் ஒரே வகையாகிவிடும் என்பதால் எத்தனையாவது அடுக்கு என்பதையும் பெயரில் சேர்க்கிறார்கள். அதிகம் இல்லை, அடுக்கின் ஆழத்துக்கு வரம்பு இரண்டுதான்.

சீட்டு ஒட்டுவது சத்தியம் செய்வது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் ஒட்டும் சீட்டு உண்மையா என்று லாக்டெப் பார்ப்பதில்லை. பெற்றோர் என்று சொன்னால் பெற்றோர் என்று எழுதிக்கொள்ளும். உண்மையிலேயே பெற்றோரா என்று மரத்தில் ஏறிப் பார்க்காது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரண்டு கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்றை எழுதினோம். முதல் கோப்பைப் பூட்டு, இரண்டாவதைப் பூட்டு, மாற்று. லாக்டெப் விசில் அடித்தது. அவசரம். இரண்டாவது பூட்டுக்கு "இரண்டாவது" என்று ஒரு சீட்டை ஒட்டினார் ஒருவர். விசில் நின்றது. எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் இடத்தில் சேவையகம் உறைந்துபோனது. ஒரு நிரல் அ, ஆ என்ற வரிசையில் மாற்றச் சொல்லியிருக்கிறது. அதே கணத்தில் இன்னொன்று ஆ, அ என்று சொல்லியிருக்கிறது. முதல் நிரலின் கையில் அ, காத்திருப்பது ஆ-வுக்கு. இரண்டாவதன் கையில் ஆ, காத்திருப்பது அ-வுக்கு. வடாம் மாமியும் வாத்தியாரும் அப்படியே வந்து நின்றார்கள். நோட்டைப் பார்த்தால் இரண்டு பேரும் "முதலாவது → இரண்டாவது" என்றே எழுதப்பட்டிருப்பார்கள். வட்டம் எங்கே தெரியும்? மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தோம். திருத்தம் இரண்டு வரி: முகவரியை ஒப்பிட்டு, சிறியதை முதலில் பூட்டு. அந்த இரண்டு வரி வந்த பிறகு அதே சீட்டு உண்மையாகிவிட்டது!

அன்று வந்த விசில் பொய்யே இல்லை. நாங்கள்தான் அதைப் பொய்யாக்கினோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சீட்டு ஒட்டுவதற்கு முன்னால், எதிர் வரிசை ஏன் வரவே முடியாது என்று ஒரே வாக்கியத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தில் "பொதுவாக", "நடைமுறையில்", "யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்று ஏதாவது வந்தால் அது பொய் எச்சரிக்கை அல்ல. சொல்லி முடித்த வாக்கியத்தை நிரலில் சீட்டுக்குப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதிவிடுவது, பின்னால் வருபவருக்குச் செய்யும் உபகாரம்.

பரண் காலி செய்யும் கதை

வகுப்பால் வருகிற பொய் ஒரு பக்கம் இருக்கட்டும். கோப்பு முறைமைக்காரர்களை வெகுகாலம் படுத்திய இன்னொரு பொய் உண்டு. அது நினைவகத்திலிருந்து வருகிறது.

பரண் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள். நடுவில் ஒரு பெட்டி வைக்க இடம் வேண்டும். கட்டடத்தில் இடமில்லை. இடம் ஒழித்துத் தரும் ஆளைக் கூப்பிடுகிறீர்கள். அவர் பரண்களைத் திறந்து பழைய சாமானை இறக்குவார். அதற்கு அவருக்குப் பரண் சாவி வேண்டும். அது உங்கள் கையில். நீங்கள் அவருக்காகவும் அவர் உங்களுக்காகவும் நிற்கிறீர்கள்.

கெர்னலில் இடம் என்பது நினைவகம். தட்டுப்பாடு வந்தால், நினைவகம் கேட்ட அதே பணியிழையைக் கொண்டே கெர்னல் பழைய சாமானைத் துப்புரவு செய்யும். அப்படித் தூக்கி எறியக்கூடியவற்றில் இனோடுகளும் உண்டு. ஆகவே துப்புரவு கோப்பு முறைமைக்குள் நுழைந்து அதன் பூட்டுகளைக் கேட்கும். இதையும் பிடிப்பதற்காக லாக்டெப் துப்புரவையே ஒரு கற்பனைப் பூட்டுபோல நோட்டில் எழுதுகிறது. பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்டால் "பூட்டு → துப்புரவு". துப்புரவின்போது பூட்டு கேட்டால் "துப்புரவு → பூட்டு". வட்டம்.

பல இடங்களில் இது உண்மையான ஆபத்து. அங்கே "நினைவகம் கொடு, ஆனால் அதற்காகக் கோப்பு முறைமைக்குள் நுழையாதே" என்று சொல்லிக் கேட்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமையில் சில இடங்களில் ஆபத்தே இல்லை. துப்புரவு ஆள் திறப்பது காலி வீட்டுப் பரணை மட்டும். நான் பூட்டி வைத்திருப்பதோ ஆள் குடியிருக்கும் வீட்டுப் பரண். பயன்பாட்டில் இருக்கும் இனோடு. இரண்டும் ஒரே இனோடாக இருக்க வழியே இல்லை. வாட்ச்மேன் நோட்டில் காலி வீடு, குடியிருக்கும் வீடு என்ற வேறுபாடு இல்லாததால் அவர் கத்துகிறார்.

இந்தக் கத்தலை நிறுத்துவதற்காகப் பலர் தேவையில்லாத இடத்திலும் "கோப்பு முறைமைக்குள் நுழையாதே" என்று போட்டுவைத்தார்கள். விசில் நின்றது, ஆனால் தட்டுப்பாட்டு நேரத்தில் துப்புரவு ஆளின் கையைக் கட்டிப்போட்டது போலாயிற்று. 2017-இல் வந்த 4.12 பதிப்பில் இதற்கென்றே ஓர் அடையாளம் சேர்த்தார்கள்: நினைவகத்தைச் சாதாரணமாகவே கேட்கிறேன், இந்த ஒரு கேட்பை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லும் அடையாளம். கருவியைச் சமாதானப்படுத்த இயந்திரத்தின் நடத்தையை மாற்றுவதைவிட, கருவியிடம் நேராகப் பேசுவது மேல்.

வாயை அடைக்கும் வழிகள்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அந்த இடத்தில் மட்டும் லாக்டெப்பை அணைத்துவிடலாம். குறிப்பிட்ட பூட்டைச் சரிபார்க்கவே வேண்டாம் என்று முத்திரை குத்தலாம்; இந்த முத்திரை சாதனப் பூட்டுக்கு மட்டுமே என்று நிரல் எழுதும் நடையைச் சோதிக்கும் கெர்னலின் சொந்தக் கருவியே சொல்கிறது, வேறு இடத்தில் குத்தினால் பிழை காட்டும். "கிடைத்தால் எடு, இல்லாவிட்டால் போ" என்ற வகைப் பூட்டுதலுக்கு மாறலாம். காத்திருப்பு இல்லாததால் அம்பு இல்லை. இது சில இடங்களில் நேர்மையான தீர்வு, ஆனால் கிடைக்காதபோது என்ன செய்வது என்று யோசிக்காமல் எழுதினால் வேறு பிழையைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகும்.

பலரும் மறக்கும் வழி ஒன்று: நிரலையே மாற்றுவது. முதல் பூட்டை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால் என்ன? நினைவகத்தைப் பூட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் என்ன? பாதி நேரம் இதுவே போதும், சீட்டே தேவைப்படாது.

தம்பியின் எண்பது வரி

அவன் கொண்டுவந்த எச்சரிக்கை, எங்கள் நிரலில் டைரக்டரியும் அதற்குள் இருக்கும் டைரக்டரியும் ஒன்றாகப் பூட்டப்படும் ஓர் இடத்தைக் காட்டியது. சீட்டு இல்லை. "ஒட்டிவிடவா அண்ணா?" என்றான். வாக்கியத்தைச் சொல் என்றேன். ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் மரம் வரைந்தான். அந்தப் பூட்டுகள் எடுக்கப்படும் இடங்கள் மொத்தம் ஆறு. ஆறையும் திறந்து பார்த்தான். எல்லாவற்றிலும் மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. இடமாற்றம் நடக்கும் இரண்டு இடங்களில் பொதுப் பூட்டு முன்னதாகவே எடுக்கப்பட்டிருந்தது. "மேலிருந்து கீழேதான் எடுக்கிறோம், எடுக்கும் நேரத்தில் மரம் மாற முடியாது." ஒரே வாக்கியம், "பொதுவாக" இல்லை. ஒட்டினான்.

இயந்திரத்தை மறுபடி துவக்கிச் சோதனையை ஓட்டினோம். வழக்கமாக இரண்டாவது நிமிடத்தில் வரும் விசில் வரவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. டீ குடிக்கப் போய்விட்டு வந்தோம்.

நாற்பதாவது நிமிடத்தில் விசில். இது வேறு. டைரக்டரியே சம்பந்தப்படவில்லை. மாற்றங்களை வட்டில் எழுதுவதற்கு முன் குறித்துவைக்கும் ஜர்னலின் பூட்டு ஒரு பக்கம், இனோடின் பூட்டு ஒரு பக்கம். நிரலின் வரலாற்றைப் பார்த்தால், அந்த வரிகள் ஏழு மாதமாக அங்கேயேதான் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் சோதனை ஓடியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் வாட்ச்மேன் இரண்டாவது நிமிடத்திலேயே கத்திவிட்டுப் படுத்திருக்கிறார்.

"இதுவும் பொய்யா அண்ணா?"

ரசீதை அவன் பக்கம் தள்ளினேன். மரத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் இரண்டு பெட்டிகள் வரைந்தான். ஒரு பாதையைப் படித்து ஓர் அம்பு போட்டான். அடுத்த பாதையைப் படித்தான், சற்று நேரம் பேனாவைக் கடித்தான், பிறகு இரண்டாவது அம்பை எதிர்த் திசையில் போட்டான்.